பட்டத்துக்கு எதுக்கு இத்தனை வாய்?

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். மனைவி, "காத்துல வேலை" என்பாள். மாமனார், "வேலை காத்துல" என்பார். மாமியார் பதிலே சொல்ல மாட்டார். சொல்லக் கூடாது என்றில்லை. அவர் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும்.

மாப்பிள்ளை செய்தது கைட் சர்ஃபிங். காலடியில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு பட்டை, தலைக்கு மேலே ஒரு அறைக்குக் கூரை போடுகிற அளவுக்கு ஒரு பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவான். எங்கோ ஒரு கடற்கரையில் சுற்றுலாக்காரர்களின் பட்டங்களைச் சுருட்டிக் கொடுக்கும் வேலைக்குப் போனவன், சும்மா சுருட்டிக்கொண்டே இருப்பானேன் என்று கற்றுக்கொண்டான். பயிற்சியாளன் என்று போட்டோ ஒட்டிய அட்டையும் வாங்கினான். பிறகு கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டிலேயே குடியேறினான். ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கதான் காத்து நல்லா வருது" என்றான். அது உண்மைதான். வாடகை கிடையாது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

தெருவில் டீக்கடைக்காரர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். அவனுக்குப் பெயர் ஒன்று உண்டு என்பது அந்த அட்டைக்கு மட்டும் தெரியும்.

மாமனாருக்கு ஐஸ் ஃபாக்டரி. கனமான மனிதர், கனமான தொழில். தொட்டியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் எழுந்து வரும். அதை மரத்தூளில் புரட்டி, சாக்குப் போட்டு மூடி லாரியில் ஏற்றும்போது லாரியே ஒரு முறை முனகும். அந்த முனகல்தான் தொழில் என்பது மாமனாரின் கட்சி. தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளாத எதையும் அவர் தொழில் என்று ஒப்புக்கொண்டதில்லை. பட்டத்தை ஒரு நாள் ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன மாப்ளே இருக்கு?"

"காத்து மாமா."

"அது நம்ம மொட்டை மாடியிலயும் இருக்கு" என்று கீழே வைத்துவிட்டுப் போனார்.

பட்டப் பள்ளி நடந்தது கடற்கரையில், மாமனாரின் பழைய படகுக் கொட்டகையில். நடந்தது என்பது ஒரு பெருமைக்குச் சொல்வது. போர்டு எழுதித் தொங்கவிட்டதோடு சரி. மாணவன் என்று ஒரு ஈ காக்கை வரவில்லை. உள்ளே எட்டிப்பார்த்த ஒரே ஆளும் டீசல் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனான். இதற்குள் மீன் சீசன் நெருங்கிவிட்டது. ஐஸ் பெட்டிகளை அடுக்க ஃபாக்டரியில் இடமில்லை. மாமனார் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு வாசித்தார்.

"புது ஓட்டல் மேனேஜர் உங்க வித்தையப் பாக்க வர்றாராமே. வரட்டும். ஓட்டல் ஆளுங்கள உங்ககிட்ட அனுப்புறேன்னு அவர் வாயால சொல்லிட்டா கொட்டகை உங்களுக்கு. இல்லேன்னா மறுநாளே பெட்டி இறங்கிடும்."

"அப்ப நான் மாமா?"

"நீங்களும் பெட்டியோட இறங்கிடலாம். பாளம் தூக்க ஆள் பத்தல."

மாப்பிள்ளை மேஜைக்கடியில் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாழ்க்கையில் அவனுக்காக உழைத்த ஒரே உறுப்பு அது. அதைக் கொண்டுபோய் ஐஸுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பட்டம் கிழிந்தது. மேனேஜர் வருவதற்கு முந்தின நாள், ஒத்திகை பார்க்கிறேன் என்று ஏற்றினான். காற்று சட்டென்று திரும்பி, பட்டம் நேராகப் போய் மாமனாரின் ஐஸ் லாரியின் பின்கதவுக் கொக்கியில் உட்கார்ந்துகொண்டது. நட்ட நடுவில் முழங்கை நீளத்துக்குக் கிழிசல். டிரைவர் இறங்கி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க மாப்ளே, கொக்கிக்கு ஒண்ணும் ஆகல" என்று ஆறுதல் சொன்னார்.

இருந்தது ஒரே பட்டம். அதைத் தைக்கத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஆள். அந்த ஆள் வீட்டு முன்னறையில்தான் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த ஆளோடு மாப்பிள்ளைக்குப் பேச்சுவார்த்தை அறுந்து வெகு நாளாகியிருந்தது.

எல்லாம் ஒரு கால்சட்டையால் வந்தது.

கல்யாணத்துக்கு மாமியார் தன் கையாலேயே மாப்பிள்ளைக்கு ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. வாயைத் திறந்து, "அத்தே, இறுக்கமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் இவன் மரியாதை தெரிந்தவன். ஒருத்தருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் டெய்லரிடம் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டுக்கொண்டான். பிறகு அது துவைத்துக் கொடியில் காய்ந்தது. மாமியார் அதைக் கடந்து போனவர் நின்றார். இடுப்பு மடிப்பில் நூல் ஒரு சாயல் வேறாக இருந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு மாமனாரிடம் சொன்னார்: "உங்க மாப்ளைக்கு வெளியில ஒரு டெய்லர் இருக்கு."

வெளியில் வேறு ஏதோ இருப்பதைச் சொல்லும் அதே குரல். மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

மாமியார் போட்ட தையலை இன்னொரு ஆள் பிரித்தான் என்பது அந்த ஊரில் அதற்குமுன் நடக்காத காரியம். அதிலிருந்து மாப்பிள்ளையிடம் பேச வேண்டியதையெல்லாம் அவர் குண்டூசியை எடுக்காமலே பேசினார். சாப்பிட வாங்க என்பதற்கு ஒரு "ம்ம்". வழியை விட்டு நகருங்க என்பதற்கு வேறு ஒரு "ம்ம்". பதம் பிரித்து அறிய மாப்பிள்ளை பழகிக்கொண்டிருந்தான்.

"உங்க அம்மாகிட்ட நீ சொல்லேன்" என்று மனைவியிடம் கெஞ்சினான்.

"கால்சட்டைய நானா பிரிச்சேன்?"

"ஒரே ஒரு கிழிசல்தான்."

"அப்ப வெட்டுற மேஜை மேல போட்டுட்டு ஓடிப் போயிடுங்க. கிழிசல் கண்ணுல பட்டா அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. எங்க டீச்சர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தாங்க, முதுகுல லேசா கிழிஞ்சிருந்துச்சு. நிக்க வெச்சே தைச்சு அனுப்பிட்டாங்க. டீச்சர் அதுக்கப்புறம் வரவே இல்ல."

மனைவி துறைமுக அலுவலகத்தில் வானிலை வாசிப்பவள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் காற்று, அலை, எச்சரிக்கை என்று படிப்பது அவள் வேலை. ஊரில் எல்லோரும் அவள் சொல்வதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். மாப்பிள்ளையும் அவள் சொன்னதைக் கேட்டான். சாக்பீஸ் துண்டுகளுக்கும் பள்ளிச் சீருடைகளுக்கும் நடுவில் பட்டத்தைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

இந்த இடத்தில் அந்தப் பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்குக் குச்சி கிடையாது, சட்டம் கிடையாது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் அறை அறையாகத் தடுப்பு. பார்த்தால் பஞ்சு அடைக்காத மெத்தை உறை என்றுதான் தோன்றும். முன் விளிம்பில் வரிசையாக வாய்கள் திறந்திருக்கும். அவற்றின் வழியே காற்று உள்ளே போய்ப் பட்டம் உப்பி விறைத்துக்கொள்ளும். போன காற்று திரும்பி வராதபடி உள்ளே மடிப்புத் துணி உண்டு. வேலை முடிந்தபின் காற்றை வெளியே விட, இரண்டு நுனியிலும் ஒட்டி மூடி, பிரித்துத் திறக்கிற ஓட்டைகள் இருக்கும். இதையெல்லாம் மாப்பிள்ளை மாமியாரிடம் சொல்லவில்லை. பேச்சுவார்த்தைதான் இல்லையே.

அன்று மத்தியானம் முழுக்கத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை நீளக் கிழிசலுக்கு இவ்வளவு நேரமா என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன், கொட்டகைத் திண்ணையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பாசம் என்று நினைத்தான். கண்கூடக் கலங்கியது.

மறுநாள் காலை மாமியார் பட்டத்தைக் கையில் கொடுத்தபோது அது இஸ்திரி போட்டுப் பள்ளிச் சீருடை மாதிரி சதுரமாக மடிந்திருந்தது. குறுக்கே நாடா. "ம்ம்" என்றார். இது புது "ம்ம்". இதை மாப்பிள்ளை அதுவரை கேட்டதில்லை. அதோடு விடாமல் நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மாமியாரும் கிளம்பினார். அவர் கடற்கரைப் பக்கம் வந்து பல வருஷமாகிறது. கடல் அவரைப் பொறுத்தவரை ஓரம் அடிக்காமல் விட்ட துணி.

கடற்கரையில் மேனேஜர் ஷூவோடு நின்றிருந்தார். ஷூவுக்குள் மணல் போகாமல் இருக்க ஒவ்வொரு அடியையும் பூனை மாதிரி எடுத்து வைத்தார். மாமனார் ஃபாக்டரியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்து உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கால்கள் மணலில் பாதி இறங்கியிருந்தன. லாரி டிரைவரும் பாளம் தூக்குகிறவர்களும், பெட்டிகளை இன்றைக்கே இறக்கலாமா என்ற ஆவலோடு கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாப்பிள்ளை நாடாவை அவிழ்த்துப் பட்டத்தை விரித்தான். கிழிசல் எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு வேலை. பெருமையோடு முன் விளிம்பைத் தூக்கிக் காற்றுக்குக் காட்டினான். பட்டம் உப்பவில்லை. கொடியில் போட்ட போர்வை மாதிரி படபடத்தது. குனிந்து பார்த்தான்.

வாய்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் உள்பக்கம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, முடிச்சு தெரியாமல் மூடியிருந்தது. மாமியார் ஒரு கிழிசலைத் தைக்க உட்கார்ந்து, வரிசையாக இத்தனை கிழிசலைப் பார்த்து, இப்படிக் கந்தலைக் கொண்டா இந்தப் பிள்ளை கடலுக்குப் போகிறது என்று மனம் பொறுக்காமல் அத்தனையையும் அடைத்திருந்தார்.

"எப்ப சார் மேல போகும்?" என்றார் மேனேஜர்.

"காத்து வரணும் சார்" என்றான் மாப்பிள்ளை. அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜரின் தொப்பியைக் காற்று கழற்றிக்கொண்டு போனது.

"கயிறு சிக்கியிருக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று பட்டத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு ஒரு படகின் மறைவுக்கு ஓடினான். மனைவிக்குப் போன் போட்டான்.

"உங்க அம்மா பட்டத்தோட வாயையெல்லாம் தைச்சுட்டாங்க. ஒண்ணு விடாம."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"சிரிக்காத. நான் பிரிச்சாகணும். கொஞ்ச நேரம் எல்லாரையும் வேற பக்கம் பாக்க வெய்யி."

"பிரிக்கப் போறீங்களா? அம்மா தையலையா? மறுபடியுமா?" சிரிப்பு நின்றுவிட்டது. "இதுக்கு நீங்க பாளமே தூக்கிரலாங்க."

ஆனாலும் கட்டியவள். அடுத்த நிமிஷம் கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மீனவர்களின் கனிவான கவனத்துக்கு. தென்மேற்குத் திசையில் ஏதோ ஒன்று தென்படுவதாகத் தெரிகிறது. அது என்னவென்று இதுவரை உறுதி செய்யப்படவில்லை. அனைவரும் தென்மேற்குத் திசையைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கடற்கரை மொத்தமும் தென்மேற்கே திரும்பியது. மேனேஜர் கண்ணுக்கு மேல் கையை வைத்தார். மாமனார் நாற்காலியோடு திரும்பினார். தெரிகிறதா என்று ஒருவர் கேட்க, தெரிகிற மாதிரிதான் இருக்கிறது என்று டிரைவர் சொன்னார்.

படகின் பின்னால் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். பல்லுக்கு நடுவில் தையல் இருந்தது. கத்தி கையில் இல்லை, வேறு வழியும் இல்லை. மாமியாரின் நூல் மசியவில்லை. பை தைக்கிற கெட்டி நூலைப் போட்டு வைத்திருந்தார். ஒரு வாயில் பாதி பிரிவதற்குள் அவன் வாய் எரிந்தது. அப்போது பட்டத்தின்மேல் நிழல் விழுந்தது.

தென்மேற்கைப் பார்க்காத ஒரே ஆள் மாமியார்தான். அங்கே என்ன தெரிந்தாலும் அது தைத்த பொருளாக இருக்கப்போவதில்லை என்பதால் அவருக்கு அதில் அக்கறை இல்லை.

அவர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோள் துணியில் குத்திக்கொண்டார். குண்டூசி எடுத்து அவர் யாரிடமும் நல்ல வார்த்தை பேசியதாகச் சரித்திரம் இல்லை.

"என்ன பண்றீங்க மாப்ளே?"

"ஒண்ணும் இல்ல அத்தே."

"வாயில நூல் தொங்குது."

துப்பினான்.

"தனியாவா பிரிக்கிறீங்க? பக்கத்து ஊர் ஆள் வரலையா?"

பட்டம் எவ்வளவு உறுதி என்று பல்லால் சோதித்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல பொய்தான். ஆனால் அந்தப் பக்கம் கொட்டகை வாசலில் பெட்டி இறக்கப் பலகை சாய்த்து வைத்திருப்பது கண்ணில் பட்டது. மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டதில் ஏற்கெனவே ஒரு கால்சட்டை போயிருந்தது.

"அத்தே, அது கிழிசல் இல்ல. அது வாய். காத்து அது வழியாத்தான் உள்ள போகணும். கிழிஞ்சது நடுவுல ஒண்ணே ஒண்ணுதான்."

மாமியார் பட்டத்தைப் பார்த்தார். விளிம்பு நெடுகக் கண்ணை ஓட்டினார்.

"இத்தனையுமா வாய்?"

"ஆமா அத்தே."

"ஒரு பட்டத்துக்கு எதுக்கு இத்தனை வாய்? உங்க மாமாவுக்கு இருக்குற ஒத்த வாயையே என்னால அடைக்க முடியல."

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் அத்தே."

"சொல்லணும்ல? துணியா வந்து பேசும்? இடுப்பு பிடிக்குதுன்னா பிடிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன? நான் என்ன உங்களக் கடிச்சா வெச்சுடப் போறேன்? கடிக்கிறது யாருன்னு இப்பத் தெரியுது." முந்தியில் முடிந்திருந்த காகிதத்தைப் பிரித்து அரை பிளேடை எடுத்தார். "தள்ளுங்க அந்தப் பக்கம். எச்சில் பண்ணி வெச்சிருக்கீங்க."

அவர் தைக்கும் வேகம் ஊருக்குத் தெரியும். பிரிக்கும் வேகத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்க சந்தர்ப்பமும் வந்ததில்லை. பிளேடு விளிம்போடு ஓட ஓட வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. "நல்ல தையல்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டார். கம்பத்தில் மகள் தன் பங்குக்கு, "தென்மேற்கில் தென்பட்டது மேகமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. ஆயினும் தொடர்ந்து கவனிக்கவும்" என்று ஊரைப் பிடித்து வைத்திருந்தாள்.

கடைசி வாயும் திறந்ததும் மாமியார் குண்டூசிகளைப் பழக்கதோஷத்தில் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பட்டத்தை அள்ளினான். அவர் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்! ம்ம்ம்!" என்றார். நுனியைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

அது ஆசீர்வாதம் என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டான். "வர்றேன் அத்தே!" என்று கும்பிட்டுவிட்டு ஓடினான்.

பட்டம் இந்த முறை காற்றை ஒரே மூச்சில் குடித்தது. அறை அறையாக நிரம்பி, விறைத்து, விர்ரென்று மேலே ஏறி நின்றது. மாப்பிள்ளை பலகையில் காலைச் செருகியதும் கடல் அவனைக் கையில் வாங்கிக்கொண்டது. வெட்டி வெட்டிப் போனான். போன வேகத்தில் திரும்பினான். ஒரு அலையின் முதுகில் ஏறி எகிறியபோது கீழே ஊரே தெரிந்தது. ஐஸ் ஃபாக்டரியின் தகரக் கூரை, துறைமுக அலுவலக ஜன்னலில் மைக்கைப் பிடித்தபடி எட்டிப்பார்க்கும் மனைவி, கரையில் வாயைத் திறந்தபடி மாமனார். அந்த ஒரு வாயை அடைக்கத் தன்னால் முடியவில்லை என்றாரே அத்தை, குறைந்தது திறந்து வைக்கவாவது என்னால் முடிந்ததே என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

கரைக்கு வந்து பட்டத்தை மணலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றான். மேனேஜர் பூனை நடையில் வந்து கை கொடுத்தார்.

"பிரமாதம் சார். ஆனா மனசுல பட்டதைச் சொல்லிர்றேன். எங்க ஓட்டலுக்கு வர்றவங்க சோபாவ விட்டு எந்திரிக்கவே ரெண்டு பேர் கை கொடுக்கணும். இதுல அவங்க எங்க நிக்கிறது? நின்னு எங்க கடலுக்குப் போறது?"

"ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். பழகிட்டா…"

"பழகுறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க சார்."

மாமனார் நாற்காலியை மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தார். அதிக சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "பெட்டியை இறக்குங்கப்பா" என்றார்.

மாப்பிள்ளைக்கு இடுப்பு இப்போதே வலிப்பது போலிருந்தது. சுருட்டி வைப்போம் என்று பட்டத்தின் நுனிக்குப் போனான். காற்றை வெளியேற்றும் ஓட்டையைத் தேடினான். அதுவும் இல்லை. இரட்டைத் தையல். அடுத்த நுனிக்கு ஓடினான். அங்கேயும் அதே கைவேலை.

திரும்பி மாமியாரைப் பார்த்தான். அவர் குண்டூசியை எடுத்தார்.

"அதைத்தானே தட்டித் தட்டிக் காட்டினேன்? நீங்க கும்பிடு போட்டுட்டு ஓடிட்டீங்க."

உப்பிய பட்டம் காற்றை வெளியே விடாமல் மணலில் புரண்டது. ஒரு பக்கம் தூக்கியது. அதைப் பிடித்தால் மறு பக்கம் தூக்கியது. டிரைவர் ஒரு நுனியில் தொங்கினார். பாளம் தூக்குகிறவர்கள் இறக்கிய பெட்டியை எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள்.

"கனமா ஏதாவது மேல வைங்க! கனமா!" என்று மாப்பிள்ளை கத்தினான்.

கடற்கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாமனாரைப் பார்த்தார்கள்.

கனத்துக்கு மரியாதை கேட்டே வாழ்ந்த மனிதரால் அந்த நேரத்தில் மறுக்க முடியவில்லை. "தள்ளுங்கடா" என்று வந்து, பட்டத்தின் நட்ட நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். நடு அமுங்கியது. இரண்டு பக்கமும் மேலே எழுந்து, முதுகுக்குச் சாய்மானமும் கைக்குத் திண்டுமாக அவரை அணைத்துக்கொண்டன. ஆகா, அடங்கிவிட்டது என்று எல்லோரும் கையை எடுத்தார்கள்.

அப்போது பெருங்காற்று ஒன்று வந்தது.

பட்டத்தின் எழுந்து நின்ற பக்கம் அதை வாங்கிக்கொண்டது. அடியில் ஈர மணல். மாமனார் நகர்ந்தார். முதலில் மெதுவாக, மேனேஜரைப் பார்த்து ஒரு தலையசைப்போடு. பிறகு வேகமாக. கயிற்றைத் தாவிப் பிடித்த மாப்பிள்ளை குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு பின்னாலேயே இழுபட்டான்.

"மீனவர்களின் கனிவான கவனத்துக்கு" என்றது கம்பம், எந்தப் பதற்றமும் இல்லாமல். "கரையோரமாக ஒரு பெரிய பொருள் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அது என் அப்பா. வலை உலர்த்துகிறவர்கள் வழிவிடவும்."

வலைகள் வழிவிட்டன. ஒரு நாய் கூடவே ஓடி, ஈடு கொடுக்க முடியாமல் நின்றுவிட்டது. மாமனார் அலை நுரையைக் கிழித்துக்கொண்டு ஒரு அரைவட்டம் அடித்து, கடைசியில் கொட்டகை வாசலில், இறக்கி வைத்த ஐஸ் பெட்டிகளின்மேல் முட்டி நின்றார். மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்து, அடி வாங்கத் தயாராகப் பக்கத்தில் நின்றான்.

மாமனார் முகத்திலிருந்த நுரையைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே."

"மாமா."

"இன்னொரு தடவை வருமா?"

மேனேஜர் ஷூவைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு மணலை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தார். "சார்! இது சார்! உக்காந்தே போறாங்க, சாய்மானம் வேற இருக்கு! எங்க ஆளுங்களுக்கு இதான் சார் சரி. இதை ஏன் முதல்லயே காட்டல? அப்ப நீங்க தண்ணி மேல நின்னு என்னமோ பண்ணீங்களே, அது சும்மா விளம்பரத்துக்கா?"

மாப்பிள்ளை தன் பலகையைப் பார்த்தான். அதைக் கற்றுக்கொள்ளக் குடித்த உப்புத் தண்ணீரை நினைத்துப் பார்த்தான். அட்டையிலிருந்த போட்டோவில் தான் எவ்வளவு கம்பீரமாக நின்றிருந்தான் என்பதும் நினைவுக்கு வந்தது. பிறகு ஐஸ் பெட்டிகளைப் பார்த்தான்.

"ஆமா சார். விளம்பரத்துக்குத்தான்."

"நாளையில இருந்து அனுப்புறேன்" என்றார் மேனேஜர், தன் வாயால்.

மாமனார் எழுந்திருக்காமலே கையை ஆட்டினார். "பெட்டியத் திருப்பி ஏத்துங்கப்பா. என்ன பாக்குறீங்க? இதுவும் தொழில்தான். கனமான ஆள் இல்லாம இது ஓடுமா?"

மாமியார் அரை பிளேடோடு வந்து, கணவரை எழுப்பாமலே குனிந்து நுனித் தையலைப் பிரித்தார். பட்டம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. மாமனார் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்கு இறங்கினார். முழுக்க இறங்கியபின்தான் தெரிந்தது, வழியில் ஏதோ கிளிஞ்சல் அவர் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்திருந்தது. பாளம் தூக்குகிறவர்கள் ஒழுங்காகத் தென்மேற்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் முன்னறையில் மாமியார் மாப்பிள்ளையை நிற்க வைத்து அளவு டேப்பை இடுப்பில் சுற்றினார். குண்டூசிகள் மேஜையில் இருந்தன.

"பிடிக்குதா?"

"இல்ல அத்தே."

டேப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். "இப்ப?"

"பிடிக்குது அத்தே! பிடிக்குது!"

"இவ்வளவுதான். இதுக்குப் போய்ப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினீங்க." டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டல்காரர்களுக்குத் தைக்கப்போகும் புது மெத்தைப் பட்டத்தின் துணியை இழுத்துப் போட்டார். "இதுக்கு எத்தனை வாய்? இப்பவே சொல்லிடுங்க."

மாப்பிள்ளை சாக்பீஸை எடுத்து, அடைக்கக் கூடாத ஒவ்வொரு வாய்க்கும் வட்டம் போட்டான். நுனி ஓட்டைகளுக்கு வட்டத்துக்குள் வட்டம்.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மாமனார் வந்தார். கிழிந்த கால்சட்டையை மிஷின் பக்கத்தில் வைத்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். குரலில் ஃபாக்டரி முதலாளியின் கம்பீரம் அறவே இல்லை.

"கிழிஞ்சது பின்பக்கம் மட்டும்தான்" என்றார். மாமியார் தலையாட்டியும் நம்பிக்கை வராமல், மாப்பிள்ளையின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக் கால்சட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.